சாபி சாண்ட் கானுலா

சாபி சாண்ட் கானுலா என்பது தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கே உள்ள சாபி சாண்ட் தனியார் காப்பகத்தில், காட்டுயிர்களைக் காண்பதற்காக நாள்தோறும் இரு வேளை நடத்தப்படும் ஊர்திப் பயணத்தைக் குறிக்கும். மபுமலங்கா மாகாணத்தில், குரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டி ஏறத்தாழ 65,000 எக்டேர் பரப்பில் இக்காப்பகம் அமைந்துள்ளது. இதன் தெற்கு எல்லையில் சாபி ஆறும் உட்பகுதியில் சாண்ட் ஆறும் ஓடுகின்றன. காப்பகத்தின் பெயர் இவ்விரு ஆறுகளிலிருந்து வந்தது. சிறுத்தைகளை மிக அண்மையில் காணத்தக்க இடம் என்று உலக அளவில் இது பெயர் பெற்றுள்ளது.

தமிழ் ஊடகங்களில் சிறுத்தை என்ற சொல் இருவேறு விலங்குகளுக்கு மாறி மாறி வழங்குவதால் குழப்பம் நேர்வதுண்டு. இக்கட்டுரையில் சிறுத்தை என்பது மரமேறும், உடலில் பூப்போன்ற புள்ளிக்கூட்டங்கள் கொண்ட விலங்கையே குறிக்கும். விரைந்து ஓடுவதும் கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு உடையதுமான விலங்கு சிவிங்கிப்புலி ஆகும். சாபி சாண்டில் இரண்டும் உண்டு. எனினும் சிவிங்கிப்புலி திறந்த புல்வெளியை விரும்புவதால், புதர் அடர்ந்த இப்பகுதியில் குறைவாகவே தென்படுகிறது.

பெயர்கள்

சஃபாரி என்பது பயணம் எனப் பொருள்படும் சுவாகிலி மொழிச் சொல்லாகும். அது அரபு மொழியிலிருந்து சுவாகிலிக்குச் சென்றது. ஐரோப்பியர் கிழக்கு ஆப்பிரிக்காவில் மேற்கொண்ட வேட்டைப் பயணங்களால் இச்சொல் உலகெங்கும் பரவிற்று. தமிழில் இதற்குக் கானுலா என்ற சொல் ஆளப்படுகிறது.

"ஐம்பெரும் விலங்குகள்" என்னும் தொடரும் வேட்டையிலிருந்து வந்ததே. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை ஆகிய ஐந்தையும் நடந்து சென்று சுடுவது பேரிடர் நிறைந்தது என்பதால் வேட்டைக்காரர்கள் அவற்றைத் தனியே பிரித்து வைத்தனர். உருவத்தின் அளவுக்கும் இப்பட்டியலுக்கும் தொடர்பில்லை. நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் இதில் இடம்பெறாமல், அவற்றினும் மிகச் சிறிய சிறுத்தை இடம்பெற்றதற்கு இதுவே காரணம். 1990களில் வெளியான தென்னாப்பிரிக்க ராண்ட் பணத்தாள்களில் இவ்வைந்து விலங்குகளின் படங்கள் அச்சிடப்பட்டன. 10 ராண்ட் தாளில் காண்டாமிருகமும் 200 ராண்ட் தாளில் சிறுத்தையும் இடம்பெற்றன. கானுலாவுக்கு வருவோரில் பலர் இந்த ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்துடனேயே வருகின்றனர். வழிகாட்டிகளுக்கு இது பெரும்பாலும் தொல்லையாகவே அமைகிறது.

வரலாறு

1898ஆம் ஆண்டில் பால் குரூகர் தலைமையிலான தென்னாப்பிரிக்கக் குடியரசு சாபி ஆற்றுப் பகுதியைக் காட்டுயிர்க் காப்பகமாக அறிவித்தது. போயர் போருக்குப் பின் 1902ஆம் ஆண்டில் ஜேம்ஸ் இசுட்டீவன்சன்-ஹாமில்டன் அதன் காப்பாளராக அமர்த்தப்பட்டார். 1926ஆம் ஆண்டில் சாபி, சிங்வேட்சி காப்பகங்கள் இணைக்கப்பட்டுக் குரூகர் தேசியப் பூங்கா உருவானது. மறு ஆண்டில் பொதுமக்களின் தானுந்துகள் பூங்காவுக்குள் அனுமதிக்கப்பட்டன. அவ்வாண்டு முழுவதிலும் வந்த தானுந்துகள் மூன்றே.

பூங்காவின் மேற்கே இருந்த நிலங்கள் தனியாருக்கு உரியவை. அவை கால்நடை வளர்ப்புக்கு ஏற்றவையாக இல்லாததால், உரிமையாளர்கள் குளிர்காலத்தில் சிங்க வேட்டைக்கு வந்து தங்கும் இடங்களாக இருந்தன. பின்னாளில் லொண்டொலொசி எனப் பெயர்பெற்ற பண்ணையும் 1926ஆம் ஆண்டில் இவ்வாறே வாங்கப்பட்டது. 1948ஆம் ஆண்டில் இந்நில உரிமையாளர்கள் ஒன்றுகூடித் தத்தம் நிலங்களுக்கிடையே வேலியிடாமல் ஒரே காப்பகமாகப் பேண உடன்பட்டனர். அதுவே சாபி சாண்ட் காப்பகத்தின் முறையான தொடக்கமாகும். 1960களிலும் 1970களிலும் வேட்டை படிப்படியாகக் கைவிடப்பட்டு, ஒளிப்படக் கருவியுடன் வருவோருக்கான தங்குமனைகள் எழுந்தன.

1961ஆம் ஆண்டில் குரூகர் பூங்காவின் மேற்கு எல்லையில் வேலி அமைக்கப்பட்டது. கால்நடைகளுக்கு நோய் பரவாமல் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் பருவந்தோறும் நீரும் புல்லும் தேடிக் கிழக்கு மேற்காக இடம்பெயர்ந்து வந்த விலங்குகளின் வழி இதனால் அடைபட்டது. 1993ஆம் ஆண்டில் சாபி சாண்டுக்கும் பூங்காவுக்கும் இடையிலிருந்த வேலி அகற்றப்பட்டது. அதன் பின்னர் சாபி சாண்டில் யானைகளின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. யானைகளைக் காண்பது எளிதாயிற்று. மறுபுறம், பட்டை உரிக்கப்பட்டும் முறிக்கப்பட்டும் பெருமரங்கள் வீழ்வது பற்றிய கவலையும் எழுந்தது.

ஒரு நாளின் நடைமுறை

கானுலா பெரும்பாலும் விடியுமுன் தொடங்குகிறது. மூன்று மணி நேரம் நீளும் காலைப் பயணம் வெயில் ஏறியதும் முடிவடையும். பிற்பகலில் தொடங்கும் இரண்டாவது பயணம் இருள் சூழ்ந்த பின் திரும்பும். நண்பகலில் பெரும்பாலான விலங்குகள் நிழலில் படுத்துவிடுகின்றன. ஒரு நாளில் 20 மணி நேரம் வரை உறங்கக்கூடிய சிங்கத்தை அவ்வேளையில் காண்பது, ஓர் உறங்கும் மேட்டைக் காண்பதற்கு ஒப்பாகும்.

மேற்கூரையும் பக்கச் சுவர்களும் இல்லாத நாற்சக்கர இயக்க ஊர்திகளே இங்கு பயன்படுகின்றன. ஊர்தியை ஓட்டுபவர் வழிகாட்டி. விருந்தினர்களுக்கு விளக்கம் கூறுவதும் அவரே. ஊர்தியின் முன்முனையில், இடப்புறம் பொருத்தப்பட்ட தனி இருக்கையில் தடம்பற்றுநர் அமர்ந்திருப்பார். சிங்கங்களின் அருகே செல்லும்போது அவர் அவ்விருக்கையை விட்டு ஊர்திக்குள் வந்து அமர்ந்துகொள்வதும் உண்டு.

ஊர்தியில் இருப்போரை விலங்குகள் தனித்தனி மனிதராக அன்றி, ஊர்தியோடு சேர்ந்த ஒரே உருவமாகக் காண்பதாகக் கருதப்படுகிறது. பல தலைமுறைகளாக ஊர்திகளால் தீங்கு நேராமையால் அவை அவ்வுருவத்துக்குப் பழகிவிட்டன. யாரேனும் எழுந்து நின்றாலோ இறங்கினாலோ அவ்வுருவம் உடைகிறது. அதே சிங்கம் உடனே தலை நிமிர்த்தி உறுமவோ ஓடவோ தாக்கவோ கூடும். எழுந்து நிற்கக் கூடாது என்பது கானுலாவின் முதல் விதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இருட்டிய பின் தடம்பற்றுநர் கைவிளக்கை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே வருவார். இரவில் இயங்கும் விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளிமீட்சிப் படலம் அவ்வொளியைத் திருப்பி அனுப்புவதால் கண்கள் சுடர்போல் மின்னும். மான்கள், யானைகள் ஆகியவற்றின் மீது விளக்கை நிறுத்துவதில்லை. ஒளியால் கண்கூசி நிற்கும் மான் எளிதில் இரையாகிவிடும் என்பதால், வேட்டையில் மனிதர் தலையிட்டதாக அது ஆகிவிடும். ஓடும் ஊர்தியிலிருந்தபடியே இலைகளுக்கிடையே உறங்கும் பச்சோந்தியைத் தடம்பற்றுநர்கள் கண்டுபிடிப்பது புதியவர்களை வியப்பில் ஆழ்த்தும். இரவில் அதன் உடல் வெளிறிவிடுவதால் விளக்கொளியில் அது தனித்துத் தெரிகிறது.

தடம் பற்றுதல்

காட்சிகள் தற்செயலாக அமைவன அல்ல. அவற்றுள் பெரும்பகுதி தடம்பற்றுநரின் உழைப்பால் கிடைப்பவை. இத்தொழிலில் உள்ளோரில் பலர் சோங்கா மொழி பேசும் சங்கான் மக்கள். கால்நடை மேய்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்த முந்தைய தலைமுறையினரிடமிருந்து இவ்வறிவு கைமாறி வந்தது.

விடியற்காலையில் மண் சாலையே முதல் ஏடாகும். தாழ்ந்து வரும் சூரிய ஒளியில் அடிச்சுவட்டின் விளிம்பு நிழல் வீழ்த்துவதால் தடம் தெளிவாகத் தெரியும். பூனைக் குடும்ப விலங்குகள் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக் கொள்வதால் அவற்றின் தடத்தில் நகக்குறி இராது. கழுதைப்புலியின் தடத்திலும் காட்டுநாயின் தடத்திலும் இருக்கும். சிவிங்கிப்புலி இதற்கு விலக்கு. அதன் நகங்கள் முழுமையாக உள்ளிழுபடா. தடத்தின் மேல் பனித்துளி விழுந்த குறிகள் இருந்தால் விலங்கு இரவிலேயே கடந்துவிட்டது என்றும், இரவில் ஊர்ந்த பூச்சியின் சுவட்டை அது மிதித்திருந்தால் அதன் பின்னரே வந்தது என்றும் கணிக்கின்றனர். விளிம்பு கூர்மையாக இருந்து, மண் இன்னும் உதிர்ந்து விழாமல் இருந்தால் தடம்பற்றுநர் ஊர்தியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடப்பார்.

அதன் பின் கண்ணைவிடக் காதே முதன்மை பெறுகிறது. இம்பாலா மான் மூக்கால் சீறுவதும், கூடு மான் நாயைப் போல் குரைப்பதும், வெர்வெட் குரங்குகள் மரவுச்சியிலிருந்து ஒரே திசையை நோக்கிக் கத்துவதும் கொன்றுண்ணி ஒன்று அருகில் உள்ளதற்கு அறிகுறிகள். அணிலும் கினிக்கோழியும் கூட எச்சரிக்கைக் குரல் எழுப்பும். ஆனால் அவை சிறு கழுகுக்கும் பாம்புக்கும் அவ்வாறே கத்துவதால், அவற்றின் சொல்லை அனுபவமுடையோர் உடனே நம்புவதில்லை. மான் கூட்டம் முழுவதும் ஓடாமல் ஒரு புதரையே பார்த்து நின்று சீறினால், அங்கே சிறுத்தை இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி. மறைந்திருந்து பாயும் விலங்குக்குத் தன்னைக் கண்டுவிட்டார்கள் என்று தெரிந்தபின் பாய்வதில் பயனில்லை. மான்களும் அதை அறிந்தே நிற்கின்றன.

சிறுத்தையின் குரல் மரத்தை வாளால் அறுப்பது போன்றது. சிங்கத்தின் முழக்கம் அமைதியான இரவில் 8 கிலோமீட்டர் வரை கேட்கக்கூடும். அது கேட்ட திசையை வைத்தே மறுநாட் காலையில் எந்தச் சாலையில் தொடங்குவது என்று முடிவு செய்யப்படுகிறது.

எழுத்தறிவு இல்லாதோரின் திறனாக நெடுங்காலம் கருதப்பட்டு, ஊதியத்திலும் மதிப்பிலும் பின்தள்ளப்பட்டிருந்த இவ்வறிவுக்கு 1990களில்தான் முறையான தேர்வும் சான்றிதழும் ஏற்பட்டன. லூயிசு லீபன்பெர்க் உருவாக்கிய சைபர்டிராக்கர் மதிப்பீட்டு முறை இதில் முன்னோடியாகும். 2010ஆம் ஆண்டில் தடம்பற்றுநர்களைப் பயிற்றுவிக்கத் தென்னாப்பிரிக்காவில் தனிக் கல்விக்கழகம் ஒன்று தொடங்கப்பட்டது.

வானொலியும் ஊர்தி வரிசையும்

ஒரு விலங்கு கண்டறியப்பட்டதும் வழிகாட்டி வானொலி வழியாக மற்ற ஊர்திகளுக்கு அறிவிக்கிறார். விலங்குகளின் பெயர்கள் பெரும்பாலும் உள்ளூர் மொழிகளிலேயே கூறப்படும். இங்வே என்றால் சிறுத்தை. ங்காலா என்றால் சிங்கம். பின்னிருக்கையில் உள்ள விருந்தினர் முன்கூட்டியே எதிர்பார்த்து ஏமாறாமல் இருப்பதற்காக இவ்வழக்கம் ஏற்பட்டது. இரண்டாம் நாளுக்குள் அவர்களும் இச்சொற்களைக் கற்றுக்கொண்டுவிடுவது வேறு செய்தி.

ஒரு விலங்கின் அருகே ஒரே நேரத்தில் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஊர்திகளே நிற்கலாம். பிற ஊர்திகள் தொலைவில் காத்திருந்து முறைப்படி வரும். பெரும்பூனைகளைப் பின்தொடரச் சாலையை விட்டு இறங்கவும் இங்கு இசைவு உண்டு. ஈரமான மண்ணில் மட்டும் இறங்குவதில்லை. மிகச் சிறு குட்டிகள் உள்ள மறைவிடங்களை நெருங்குவதற்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது.

அருகிலுள்ள குரூகர் பூங்காவின் நிலை இதனின்று வேறுபட்டது. அங்கு எவரும் சொந்தத் தானுந்தில் செல்லலாம். ஆனால் சாலையை விட்டு இறங்கக் கூடாது. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரும் மண்சாலையில் 40 கிலோமீட்டரும் உச்ச வேகமாகும். முகாம்களில் உள்ள வரைபடப் பலகையில், பார்த்த விலங்குகளை வண்ணக் குமிழ்களால் குறிப்பது நெடுநாள் வழக்கம். 2010களில் அலைபேசிச் செயலிகள் அவ்விடத்தைப் பிடித்தன. சிங்கம் இருக்கும் இடம் சில நொடிகளில் பரவியதால் தானுந்துகள் விரைந்து வந்து நெரிசலை உண்டாக்கின. விலங்குகள் அடிபடுவதாகவும் முறையீடுகள் எழுந்தன. 2016ஆம் ஆண்டில் பூங்கா நிருவாகம் இச்செயலிகளுக்கு எதிராக வெளிப்படையாகக் கருத்துரைத்தது.

கானுலாக் காட்சிகளுள் உலகப் புகழ்பெற்றது 2004ஆம் ஆண்டில் குரூகர் பூங்காவின் ஒரு நீர்த்தேக்கக் கரையில் பயணி ஒருவரால் படமாக்கப்பட்டதாகும். எருமைக் கன்றைச் சிங்கங்கள் பிடிக்க, நீரிலிருந்து முதலை ஒன்று அதே கன்றைப் பற்றி இழுக்க, இறுதியில் எருமைக் கூட்டம் திரும்பி வந்து சிங்கங்களை விரட்டிக் கன்றை மீட்டது. ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும் இந்நிகழ்படம் 2007ஆம் ஆண்டில் யூடியூபில் பதிவேற்றப்பட்டுப் பல கோடி முறை பார்க்கப்பட்டது.

சிறுத்தைகள்

1970கள் வரை சாபி சாண்டிலும் சிறுத்தை என்பது இரவில் விளக்கொளியில் ஒரு நொடி தோன்றி மறையும் விலங்காகவே இருந்தது. 1979ஆம் ஆண்டில் லொண்டொலொசிப் பகுதியில் ஒரு பெண் சிறுத்தை, ஊர்தியைக் கண்டும் ஓடாமல் இருந்தது. ஜான் வார்ட்டியும் தடம்பற்றுநர் எல்மன் முலொங்கோவும் பொறுமையாக அதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து படமெடுத்தனர். "தாய்ச் சிறுத்தை" என்று பெயர்பெற்ற அதன் குட்டிகளும் ஊர்திக்கு அஞ்சாமல் வளர்ந்தன. பெண் குட்டிகள் வளர்ந்தபின் தாயின் எல்லையை ஒட்டியே தமது எல்லையை அமைத்துக்கொள்வது சிறுத்தைகளின் இயல்பு. ஆகவே அஞ்சாமை ஒரு மரபுவழியாகவே அப்பகுதியில் நிலைத்தது.

ஒவ்வொரு சிறுத்தையும் தனித்து அடையாளம் காணப்படுகிறது. மீசை முடிகளின் வரிசைக்கு மேலே முகத்தின் இரு பக்கமும் உள்ள புள்ளிகளை எண்ணி, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என்றவாறு குறிக்கின்றனர். இப்புள்ளிகள் வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. நாள்தோறும் வழிகாட்டிகள் எழுதிவைத்த இக்குறிப்புகளும் எடுத்த ஒளிப்படங்களும் பின்னர் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டன. காட்டில் வாழும் சிறுத்தைகளின் பிறப்பு, உறவு, இறப்பு ஆகியவை இத்துணை நெடுங்காலம் தொடர்ந்து பதிவான இடங்கள் உலகில் மிகச் சிலவே. பாதிக்கும் மேற்பட்ட குட்டிகள் தனித்து வாழும் பருவத்தை எட்டுவதில்லை என்பதும், வேற்று ஆண் சிறுத்தைகள் அவற்றைக் கொல்வது அதற்குத் தலையாய காரணம் என்பதும் இக்குறிப்புகளால் தெரியவந்தன.

சிறுத்தை தன் இரையை மரக்கிளையில் ஏற்றிவைப்பது பயணிகள் பெரிதும் விரும்பும் காட்சியாகும். கழுதைப்புலிகளும் சிங்கங்களும் பறித்துவிடாமல் இருக்கவே அது அவ்வாறு செய்கிறது. மரத்தடியில் கழுதைப்புலி ஒன்று அண்ணாந்து படுத்திருந்தால், மேலே இரை தொங்குகிறது என்பது ஏறக்குறைய உறுதி.

மப்போகோ சிங்கங்கள்

2006ஆம் ஆண்டில் ஆறு ஆண் சிங்கங்களைக் கொண்ட ஒரு கூட்டணி சாபி சாண்டின் மேற்குப் பகுதியைக் கைப்பற்றியது. மப்போகோ என அழைக்கப்பட்ட இவை, அங்கிருந்த ஆண் சிங்கங்களையும் குட்டிகளையும் பெருமளவில் கொன்றன. குட்டிகளை இழந்த பெண் சிங்கம் விரைவில் மீண்டும் இணைசேரும் நிலைக்கு வருவதால், புதிதாக வரும் ஆண்கள் பழைய குட்டிகளைக் கொல்வது சிங்கங்களிடையே இயல்பே. ஆயினும் ஆறு ஆண்கள் ஒன்றுசேர்ந்தமையால் அதன் அளவு பெரிதாயிற்று. பார்வையாளர்களுள் பலர் நிருவாகம் தலையிட வேண்டும் என்று கோரினர். தலையிடுவது காப்பகத்தின் கொள்கை அன்று. 2010ஆம் ஆண்டில் மஜிங்கிலானே எனப்பட்ட வேறொரு கூட்டணி இவற்றுள் ஒன்றைக் கொன்றது. 2012ஆம் ஆண்டளவில் மப்போகோக்களின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது.

காண்டாமிருகமும் மறைக்கப்படும் காட்சிகளும்

பிற விலங்குகளைக் கண்டால் பெருமையாக அறிவிக்கும் வழிகாட்டிகள், காண்டாமிருகத்தைக் கண்டால் இடத்தைச் சொல்வதில்லை. முகாம்களின் வரைபடப் பலகைகளிலும் அது குறிக்கப்படுவதில்லை. படம் எடுக்கும் விருந்தினரிடம், கைபேசியில் இடக்குறிப்பு பதிவாகும் வசதியை நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்வது வழக்கமாகியுள்ளது.

வேட்டையால் இப்பகுதியில் முற்றிலும் அழிந்துபோன வெள்ளைக் காண்டாமிருகம், 1961ஆம் ஆண்டு முதல் உம்ஃபொலொசிக் காப்பகத்திலிருந்து கொண்டுவரப்பட்டுக் குரூகர் பூங்காவில் மீண்டும் குடியேற்றப்பட்டது. அவை பெருகி, 2010ஆம் ஆண்டளவில் 10,000ஐத் தாண்டின. ஆசியச் சந்தையில் கொம்புக்கு இருந்த தேவையால் கள்ளவேட்டை மீண்டும் தலையெடுத்தது. 2007ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா முழுவதிலும் 13 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. 2014ஆம் ஆண்டில் 1,215. அவற்றுள் 827 குரூகர் பூங்காவில் மட்டும் கொல்லப்பட்டவை. 2020ஆம் ஆண்டளவில் பூங்காவின் வெள்ளைக் காண்டாமிருகங்கள் 3,000க்கும் கீழே குறைந்தன. வேலி இல்லாமையால் சாபி சாண்டும் இந்த இடருக்கு உட்பட்டதே. கள்ளவேட்டையரை ஈர்க்காதிருக்க, காண்டாமிருகங்களை மயக்கி, வலியின்றிக் கொம்பை அறுத்துவிடும் முறை இவ்வட்டாரக் காப்பகங்களில் கையாளப்படுகிறது. நகத்தைப் போன்ற பொருளாலான கொம்பு மீண்டும் வளர்வதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யவேண்டியுள்ளது. கொம்பில்லாத காண்டாமிருகத்தைக் கண்ட பயணிகள் ஏமாற்றம் அடைவதுண்டு. 2024ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 420 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன.

நிலமும் மக்களும்

பயணிகள் மனிதர் தீண்டாக் காடு என்று எண்ணும் இந்நிலத்தில் சோங்கா மக்கள் வாழ்ந்து வந்தனர். காப்பகம் உருவானபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர். இசுட்டீவன்சன்-ஹாமில்டனுக்கு அவர்கள் சூட்டிய சுகுசா என்ற பெயருக்குத் துடைத்தெடுப்பவர், தலைகீழாகப் புரட்டுபவர் என்று பொருள் கூறப்படுகிறது. பூங்காவின் தலைமை முகாம் இன்றும் அப்பெயரையே தாங்கியுள்ளது. 1994ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்திற்குப் பின் நில மீட்புச் சட்டம் வந்தது. அதன்படி 2013ஆம் ஆண்டில், சாபி சாண்டிலுள்ள மாலாமாலா நிலம் அரசால் ஏறத்தாழ 100 கோடி ராண்டுக்கு வாங்கப்பட்டு, முன்பு அங்கு வாழ்ந்தோரின் வழித்தோன்றல்களான சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கானுலா அங்கு தொடர்ந்து நடைபெறுகிறது.

பருவமும் அரிய காட்சிகளும்

மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட குளிர்காலமே விலங்குகளைக் காண ஏற்றது. இலை உதிர்ந்து பார்வை நீள்வதுடன், விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளில் கூடுகின்றன. காட்டுநாய்கள் கைவிடப்பட்ட வளைகளில் குட்டி ஈனுவதும் இக்காலத்தில்தான். நாடோடிகளான அவை அப்போது மட்டும் சில வாரங்கள் ஒரே இடத்தில் தங்குகின்றன. மழைக்காலத்தில் புதர் அடர்ந்துவிடும். ஆனால் நவம்பரில் இம்பாலாக் குட்டிகள் பிறப்பதும், வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வருவதும் அப்போதுதான். மலேரியா இடரும் அப்போதே மிகுதி.

ஐம்பெரும் விலங்குகளை ஒரே நாளில் காண்பது சாபி சாண்டில் அரிதன்று. வழிகாட்டிகள் காண ஏங்குவது எறும்புத்தின்னியையே. செதில் போர்த்த இவ்விலங்கு இரவில் பின்னங்கால்களால் நடந்து எறும்பும் கறையானும் தேடும்; அஞ்சினால் பந்துபோல் சுருண்டுவிடும். பல ஆண்டுகள் பணியாற்றியும் ஒருமுறைகூட இதைக் காணாத வழிகாட்டிகள் உள்ளனர். வானொலியில் இதன் பெயர் ஒலித்தால், சிங்கத்தின் அருகே நிற்கும் ஊர்தியும் அதை விட்டுப் புறப்பட்டுவிடும்.